குடும்ப நினைவுப் பக்கங்கள் செய்ய இரண்டு நாள் கூடப் போகிறோம்: எதை எடுத்துப் போவது, எங்கே தொடங்குவது?

பொன்மலைப் பேத்தி (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். என் தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் பிள்ளைகளில் இப்போது இருப்பது பெரிய அத்தை, சின்ன அத்தை, என் அப்பா, மூன்று பேர்தான். பெரிய அத்தைக்கு எண்பத்தாறு முடியப் போகிறது. பேச்சில் ஒரு தடுமாற்றம் கிடையாது. யார் எந்த குவார்ட்டர்ஸில் இருந்தார்கள் என்று நம்பரோடு சொல்வார். கண்தான் மங்கிக்கொண்டு வருகிறது. அவருக்குப் படம் தெரிகிற நாளிலேயே வீட்டுப் படங்களை வைத்து ஒரு ஸ்கிராப்புக் (படத்தை ஒட்டி, பக்கத்திலேயே கதையும் எழுதி வைக்கிற ஆல்பம்) செய்துவிட வேண்டும் என்று நானும் அத்தை மகள்களும் பேசி வைத்திருக்கிறோம்.

நவம்பரில் ஒரு சனி ஞாயிறு ஏற்காட்டில் வீடு எடுத்து, பெண்டு பிள்ளைகளோடு ஒன்பது பேர் உட்கார்ந்து செய்வதாகத் திட்டம். வீட்டிலேயே இருந்தால் அடுப்படி வேலையிலேயே பொழுது போய்விடும், அதனால்தான் வெளியூர்.

கையில் இருப்பது: ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உதிரிப் படங்கள், எண்பதுகளில் வாங்கின பசைப் பக்க ஆல்பம் இரண்டு (பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடுவோமே, அது), கண்ணாடி போட்ட தாத்தா பாட்டி படம், பெரிய அத்தை கல்யாண மொய் நோட்டு, பாட்டியின் கோல நோட்டு, இன்லண்ட் லெட்டர் ஒரு கட்டு, தாத்தாவின் ரயில்வே பாஸ். இதில் எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது? என்ன தாள், என்ன பசை? இரண்டு நாளில் எவ்வளவு முடியும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா (மலேசியா)

தங்கச்சி, நல்ல காரியம். நாங்கள் இங்கே தோழிகள் சேர்ந்து வருஷம் ஒரு தடவை இப்படி உட்காருவோம். சனிக்கிழமை காலையில் மேசையில் சாமானைப் பரப்பினால் ஞாயிறு மத்தியானம்தான் எழுந்திருப்போம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத ஒருவர் இரண்டு நாளில் ஐந்தாறு பக்கம் செய்தாலே பெரிசு. டிரங்குப் பெட்டி முழுக்க முடிக்க நினைத்தால் ஞாயிறு மாலை எல்லாருக்கும் முகம் சுருங்கிவிடும். ஒரு ஆளுக்கு ஒரு கதையைக் கொடுங்கள். “பாட்டி”, “குவார்ட்டர்ஸ் வீடு”, “பெரிய அத்தை கல்யாணம்”, இப்படி. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று படம் போதும். எட்டுப் படத்தை நெருக்கி ஒட்டினால் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

படம் பிரிக்கிற வேலையை அங்கே வைத்துக்கொள்ளவே வேண்டாம். அது இரண்டு வாரம் முன்னாலேயே வீட்டில் முடிய வேண்டும். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் ஆளாளுக்கு ஒரு படத்தை எடுத்துச் சிரித்துக்கொண்டிருப்போம், கத்தரிக்கோலை யாரும் தொட மாட்டோம்.

சாமான்: நல்ல வெளிச்சம் விழும் பெரிய மேசை, ஆளுக்கொரு டேபிள் லைட், காகிதம் வெட்டும் டிரிம்மர் ஒன்று, ஸ்டீல் ஸ்கேல், நல்ல பென்சில், நீரில் கரையாத கறுப்பு மைப் பேனா, படத்தின் நாலு மூலையைச் செருகும் போட்டோ கார்னர். ஸ்டிக்கர், ரிப்பன், மினுமினுப்புத் தூள் எல்லாம் கடையில் ஆசை காட்டும். பாதிக்கு மேல் திரும்ப வீட்டுக்கு வந்துவிடும்.

பக்க அளவு பற்றி: வெளிநாட்டுச் சாமான் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரத்தில் வரும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மரியலன் கிறிஸ்டென்சன் என்ற அம்மா 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் தன் குடும்பத் தொகுதிகளைக் கொண்டுபோய்க் காட்டினார். இன்றைக்கு நாம் செய்கிற மாதிரியான ஸ்கிராப்புக் பரவியது அதற்குப் பிறகுதான். உங்களுக்கு அந்த அளவுதான் வேண்டும் என்றில்லை. ஏ4 என்றால் ஃபைல், உறை எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும், நகல் எடுக்கவும் சுலபம்.

பைண்டர் மாமா (சென்னை)

நூலகத்தில் பைண்டிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, அசல் எதையும் ஒட்டாதீர்கள். படம், கடிதம், பாஸ், மொய் நோட்டுத் தாள், எதுவானாலும் சரி. ஸ்கேன் செய்து நகலை லேப்பில் பிரிண்ட் போட்டு அதை வெட்டுங்கள், ஒட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அசல் தனி உறையில் பீரோவுக்குள் இருக்கட்டும். பழைய ஸ்டுடியோ படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நெகட்டிவ் ஸ்டுடியோவோடு போயிருக்கும்.

ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்கிற கணக்கு) வையுங்கள். தீப்பெட்டி அளவுப் படமென்றால் 1200. படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் கிறுக்கின பெயர், பாதி விஷயம் அங்கேதான் கிடக்கும்.

அந்தப் பசைப் பக்க ஆல்பம்தான் உங்கள் பெட்டியிலேயே பெரிய எதிரி. அதன் பசையும் மேலே இருக்கிற பிளாஸ்டிக்கும் படத்தைத் தின்றுகொண்டிருக்கும். இழுத்துப் பிடுங்கினால் படம் இரண்டாகப் பிளந்துவிடும். முதலில் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பல் இடுக்கில் விடுகிற ஃபிளாஸ் நூலை ஒன்றரை முழம் எடுத்து, இரண்டு கை விரலிலும் சுற்றி, படத்தின் மூலைக்கும் தாளுக்கும் நடுவில் நுழைத்து, ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். படத்தை மேலே தூக்கவே கூடாது, நூல் மட்டும்தான் நகர வேண்டும். வராத இடத்தில் பக்கத்தின் பின்புறமிருந்து முடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டினால் பசை இளகும். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஸ்கேன் இருக்கிறதல்லவா?

கண்ணாடி போட்ட தாத்தா பாட்டி படம், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள்.

தாள் வாங்கும்போது அமிலமும் லிக்னினும் இல்லாத தாள் என்று கேளுங்கள். செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது? மரக்கூழில் இருக்கிற லிக்னின்தான் காரணம். புதுச்சேரியில் பருத்தித் துணி வெட்டுகளில் செய்கிற கைக்காகிதம் பார்க்கவும் அழகு, தொடவும் சுகம், ஆனால் அமிலமற்றதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். உறை வாங்கினால் பிவிசி வேண்டாம். புது ரெக்சின் போல நாற்றமடித்தால் அது பிவிசிதான். பாலிபுரொப்பிலீன் உறை பரவாயில்லை. செலோ டேப்பை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டினதை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அவர் அப்பாவின் பர்மா கடிதத்தைக் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். கடைக்காரர் ஓரம் சரியாக இல்லை என்று கையெழுத்து இருந்த விளிம்பையே நறுக்கிவிட்டிருந்தார்.

அசலின் பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான 2பி பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் காட்டும்.

சேலத்து மருமகள்

பேத்தி, நவம்பரில் ஏற்காடா? அப்போது மேலே பனியும் சாரலும் விடாது. ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். பழைய படம் ஈரத்தைக் குடித்தால் சுருளும், ஒன்றோடு ஒன்று ஒட்டும். அதோடு 20 கொண்டை ஊசி வளைவு. எண்பத்தாறு வயசு அத்தையை அதில் ஏற்றி இறக்குவதை யோசியுங்கள். ஒரே டிரங்குப் பெட்டியில் குடும்பத்தின் மொத்தப் படத்தையும் ஒரே வண்டியில் வைத்து மலை ஏற்றுவதையும் யோசியுங்கள். எனக்கு ஊர்ப் பெருமை உண்டு, வரவேண்டாம் என்று சொல்ல மனசில்லை. பங்குனியில் வாருங்கள், நானே வீடு பார்த்துத் தருகிறேன்.

மாம்பலம் மாமி

பைண்டர் சார் சொல்வதெல்லாம் நூலகத்துக்குச் சரி. குடும்பத்துக்கு அப்படியில்லை என்பது என் கட்சி. என் ஆல்பத்தில் அசலைத்தான் ஒட்டியிருக்கிறேன். என் பேரன் அதைத் தொட்டுப் பார்க்கிறான், பழைய படத்தின் கனத்தை, ஓரத்தில் இருக்கிற அந்த ரம்பப் பல் வெட்டை விரலால் தடவுகிறான். நகலில் அது வருமா? பீரோவுக்குள் பத்திரமாக இருந்து யாரும் பார்க்காமல் போவதற்கு, பார்த்துப் பார்த்துத் தேய்ந்து போகட்டுமே.

பைண்டர் மாமா

மாமி, உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. தொட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குத்தான் போட்டோ கார்னர். அசலை வைத்தே ஆக வேண்டுமென்றால் நாலு மூலையையும் கார்னரில் செருகுங்கள். பசை படத்தில் படாது, எடுத்துப் பின்பக்கம் பார்க்கலாம், திரும்பச் செருகலாம். நான் பயப்படுவது பசையைத்தான், பேரனின் விரலை அல்ல.

கலர்ப் படங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்கள் சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலப் பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் அப்படி. அவை வெளிச்சத்தில் கிடந்தாலும் மங்கும், இருட்டில் கிடந்தாலும் மங்கும். இன்றைக்கே ஸ்கேன் செய்வது ஒன்றுதான் வழி. கறுப்பு வெள்ளை நம் பேரன் காலத்துக்கும் தாங்கும்.

கொக்குவில் பிள்ளை (டொராண்டோ)

வாசிச்சுக்கொண்டு வர எனக்கு ஒரு பக்கம் சந்தோசமாயும் இருக்கு, ஒரு பக்கம் வேற மாதிரியும் இருக்கு. எங்களிட்ட டிரங்குப் பெட்டி இல்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்க அம்மா எடுத்தது உடுப்பும் காணி உறுதியும் மட்டும்தான். ஆல்பம் அலுமாரிக்குள்ளயே. திரும்பிப் போகேக்க வீட்டுக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை.

போன வருசம் இஞ்ச ஸ்காபரோவில எங்கட பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு கொட்டேஜ் எடுத்து இதே வேலை செய்தவை. என்னையும் வரச் சொல்லிச்சினம். படமே இல்லாம நான் வந்து என்னத்தை ஒட்டுறது எண்டு கேட்டன். அதில ஒரு அக்கா சொன்னா, “இல்லாததையும் ஒரு பக்கமாச் செய்யலாம், வா” எண்டு.

நான் செய்தது இதுதான். முதல்ல லண்டனிலயும் பாரிசிலயும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் எழுதினன்: உங்கட கலியாணப் படங்களில கூட்டத்துக்குள்ள எங்கட ஆக்கள் நிக்கினமோ பாருங்கோ எண்டு. மாமாவின்ர கலியாணக் குறூப் படத்தில கடைசிக் கரையில, தூணுக்குப் பக்கத்தில, அம்மம்மா பாதி முகம். அதைப் பெருப்பிச்சன். மங்கல்தான், ஆனா அவதான். அம்மப்பாவுக்கு அதுவும் இல்லை. பழைய அடையாள அட்டையின்ர ஒரு ஃபொட்டோக்கொப்பிதான் கிடைச்சது.

மிச்சப் பக்கங்களுக்கு அம்மாவைக் கொண்டு வீட்டின்ர வரைபடம் கீறுவிச்சன். நாற்சார் வீடு. முற்றம் எங்க, கிணறு எங்க, தேசிக்காய் மரம் எங்க, ஆர் எந்த அறையில படுத்தது. கீறிக்கொண்டிருக்கேக்க அம்மா பேனையை வச்சிட்டு, “இந்த மூலையிலதான் கொப்பர் என்னைப் பெண் பாக்க வரேக்க இருந்தவர்” எண்டா. நான் அதை வரைபடத்தில அந்த மூலையிலயே அம்மாவின்ர சொல்லாலயே எழுதினன். எங்கட ஆல்பத்தில ஆக்கள் கனநேரம் நிண்டு பாக்கிற பக்கம் அதுதான்.

பேத்தி, உங்கட அத்தையை அழகு பாக்க இருத்தாதேங்கோ, கதைக்க விடுங்கோ. ரெக்கோர்ட் பண்ணுங்கோ.

பொன்மலைப் பேத்தி

கொக்குவில் பிள்ளை, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மாகிட்ட அந்த வீட்டுப் படத்த இன்னும் ரெண்டு காப்பி வரையச் சொல்லச் சொல்லு” என்றார்.

சேலத்து மருமகள் சொன்னதும் சரிதான். ஏற்காட்டை விட்டுவிட்டோம். திருச்சியிலேயே பெரிய கூடம் உள்ள ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு எடுக்கிறோம். சாப்பாடு வெளியே சொல்லியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே இருப்பதால் அத்தையைக் குவார்ட்டர்ஸ் தெருவுக்கும் கூட்டிப் போகலாம்.

படம் பிரிக்க ஆரம்பித்தாகிவிட்டது. அதில்தான் ஒரு சிக்கல், உங்களிடம் கேட்க வேண்டும். ஒரு ஸ்டுடியோ படத்தில் பாட்டி நாற்காலியில், பின்னால் பெரிய அத்தை, பக்கத்தில் இன்னொருத்தர் நிற்க வேண்டிய இடம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருக்கிறது. பெரிய அத்தையின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம். அது நடு அத்தை. வேறு மதத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனவர். வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். சில வருஷம் முன்னால் காலமாகிவிட்டார். ஒரு மகள் இருக்கிறாள், என் வயசுதான். நடு அத்தைக்கு ஒரு பக்கம் வேண்டும் என்பது என் ஆசை. சின்ன அத்தை அதெல்லாம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

மாம்பலம் மாமி

வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன் கண்ணா. பெரியவர்கள் எத்தனை வருஷம் கழித்து ஒன்றாக உட்காரப் போகிறார்களோ. அந்த இரண்டு நாள் நல்லபடியாக நடக்கட்டும். ஆறின புண்.

ஈப்போ அக்கா

மாமி, ஆறியிருந்தால் பெயரைச் சொல்வார்களே. நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட படம் மேசையில் திடீரென்று வந்தால்தான் கலவரம். முன்கூட்டியே தெரிந்தால் பேசிவிடலாம். தங்கச்சி, பெரிய அத்தையைத் தனியாக, அவர் வீட்டில், அவர் பொழுதில் கேளுங்கள். அந்தக் கை அவர் தோளில்தானே இருக்கிறது? சொல்கிற உரிமையும் அவருக்குத்தான்.

பைண்டர் மாமா

ஒரு வேலை யோசனை மட்டும். ஸ்டுடியோவில் அப்போது ஒரு படத்துக்கு மூன்று காப்பியாவது போடுவார்கள். வெட்டாத காப்பி எங்காவது இருக்கலாம். பெங்களூர் மகளிடம் கேட்டுப் பாருங்கள். எது கிடைத்தாலும் வெட்டின படத்தையும் தூக்கிப் போடாதீர்கள். வெட்டினதும் குடும்பத்தில் நடந்ததுதான்.

இன்னொன்று. ஸ்டுடியோ படங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி எண்மப்படுத்தியிருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே தொடங்கினார்கள். அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை, அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் சேர்த்தவர். உங்கள் மொய் நோட்டும் அந்த வரிசையில் வருவதுதான்.

வைகைக்கரை (மதுரை)

மொய் நோட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லையே. எங்கள் வீட்டில் அதுதான் ராஜா. படத்தில் பத்துப் பேர் இருப்பார்கள், மொய் நோட்டில் முந்நூறு பேர் இருப்பார்கள், ஊர் பெயரோடு. யார் தாய்மாமன் சீர் செய்தார், யார் பகையோடு வந்தும் ஒரு ரூபாய் எழுதினார், எல்லாம் அதிலேதான். ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்துப் பெரியவரிடம் கொடுத்து வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும்.

பொன்மலைப் பேத்தி

முடிந்தது! மன்னிக்கவும், பதில் போடத் தாமதம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

சனிக்கிழமை காலையில் கூடத்தில் மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டோம். பிரிண்ட் எல்லாம் தனித்தனிக் கவரில், ஆளுக்கொரு கதை, அக்கா சொன்ன மாதிரியே. பெரிய அத்தைக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி, மடியில் ஒரு பலகை, கையில் பூதக்கண்ணாடி. அவருக்கு மட்டும் எல்லாப் படத்தையும் பெரிய அளவில் பிரிண்ட் போட்டிருந்தோம். கண் மங்கினவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கேதான் தெரிந்தது. மற்றவர்களும் செய்யுங்கள்.

முதல் படமே பிள்ளைகள் ஐந்து பேரும் நிற்கிற ஸ்டுடியோ படம். பின்னால் வரைந்த திரை, தூண், பூந்தொட்டி. பெரிய அத்தை கண்ணாடியை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்து காலில் நிறுத்தினார். “இந்த ஷூ நம்மளது இல்ல. ஸ்டுடியோக்காரர் வச்சிருந்தது. பெரிய அண்ணனுக்குப் பத்தல, முன்னாடி விரல மடக்கிட்டு நின்னான். அதான் மூஞ்சி அப்படி இருக்கு.” எழுபது வருஷமாக அந்தப் படத்தில் பெரியப்பா கோபமாக இருக்கிறார் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். கைக்கடிகாரமும் தாத்தாவின் சிநேகிதருடையதாம், படம் எடுக்கும்போது கழற்றிக் கட்டிவிட்டது. அப்படியே அத்தையின் சொல்லில் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். ஷூவை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் பக்கத்தில் ஒட்டினாள் என் மகள்.

மொய் நோட்டு! வைகைக்கரை, உங்களுக்குக் கோடி நன்றி. அத்தை கல்யாணம் 1958இல். நயா பைசா அதற்கு முந்தின வருஷமே வந்தாயிற்று, ஆனாலும் மொய் எழுதினவர் எட்டணா, நாலணா என்றுதான் எழுதியிருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் ஊருக்குப் பதிலாக “பாய்லர் ஷாப்”, “கேரேஜ் ஷாப்”, “ஃபவுண்டரி” என்று இருக்கிறது. சொந்தக்காரர்களைவிட ஒர்க்‌ஷாப் ஆட்கள்தான் அதிகம். தாத்தாவின் அப்பா நாகப்பட்டினம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பொன்மலைக்கு வந்தவர். 1928இல் ஒர்க்‌ஷாப் இங்கே வந்தபோது குடும்பத்தோடு பெயர்ந்தவர்கள். சொந்த ஊர் என்று திரும்பிப் போக எதுவும் இல்லாததால் ஷாப்பே உறவாகிவிட்டது என்று அப்பா சொன்னார். அந்த நோட்டில் இரண்டு பக்கத்தை முழுசாக நகலெடுத்து வைத்திருக்கிறோம். அலங்காரம் எதுவும் செய்யவில்லை.

அன்றைக்கு மாலை எதிர்பார்க்காமல் ஒன்று நடந்தது. ஒர்க்‌ஷாப் சங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. சங்கு ஊதினால் சோறு வடிப்பது, சங்கு ஊதினால் விளக்கேற்றுவது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பெரிய அத்தை, “ஒரு நாள் சங்கு இல்லாம சத்தம் கேட்டுச்சு” என்றார். 1946 செப்டம்பர் 5. பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்த நாள். சங்கத் திடலில் இன்றைக்கும் வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள், எங்களுக்கு அது தெரியும். ஆனால் அத்தைக்கு அந்த நாள் நினைவிருக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அப்போது அவருக்கு ஏழு வயசு. பாட்டி பிள்ளைகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கதவுக்கு அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தாராம். தாத்தா அன்று ராத்திரி வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் வேறு யாரோ ஒருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். யார் சட்டை என்று அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லவேயில்லை.

அப்பா அப்போது பிறக்கவில்லை. அவருக்கே இது புதுசு. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது (கொக்குவில் பிள்ளை, உங்களால்தான்). அதற்குப் படம் எதுவும் கிடையாது. ஒரு வெள்ளைத் தாளில் அத்தை சொன்னதை மட்டும் அப்பா தன் கையெழுத்தில் எழுதினார். கீழே தேதி, சொன்னவர், எழுதியவர்.

ஞாயிறு காலை அத்தையைக் குவார்ட்டர்ஸ் தெருவுக்கு அழைத்துப் போனோம். வீட்டு வாசலில் இப்போது குடியிருக்கிற அம்மாவே நாற்காலி கொண்டுவந்து போட்டார். அத்தையை உட்கார வைத்து ஒரு படம் எடுத்து, மத்தியானமே லேப்பில் பிரிண்ட் போட்டுச் சேர்த்துவிட்டோம்.

நடு அத்தை விஷயம். ஈப்போ அக்கா சொன்னபடி பெரிய அத்தையை முன்னாலேயே தனியாகக் கேட்டேன். வெட்டினது பாட்டி இல்லை, தாத்தாவும் இல்லை. பெரிய அத்தையேதான். “கோவத்துல வெட்டினேன். அவ போறான்னு எனக்கு மட்டும் தெரியும், எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனா. வீட்ல என்னையத்தான் கேட்டாங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. பெங்களூர் மகளுக்கு எழுதினேன். பைண்டர் மாமா, நீங்கள் சொன்னது அச்சு அசல்! அவளிடம் வெட்டாத காப்பி இருக்கிறது. நடு அத்தை போகும்போது எடுத்துப் போனது. ஸ்கேன் அனுப்பினாள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்து நடு அத்தைக்கு ஒரு பக்கம் செய்திருக்கிறோம். பெரிய அத்தை பெயரை மட்டும் எழுதச் சொன்னார், முழுப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொண்ட பெயரோடு.

சின்ன அத்தை அந்த மேசைப் பக்கமே வரவில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, “என் காப்பியில அந்தப் பக்கம் வேணாம்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், எனக்கும்தான்.

சேலத்து மருமகள்

அழுதுகொண்டே வாசித்தேன். பக்கங்களை இங்கே போடுவீர்களா?

பொன்மலைப் பேத்தி

எல்லாரையும் கேட்டுவிட்டுத்தான். மொய் நோட்டில் மற்றவர்கள் பெயர் நிறைய இருக்கிறது, அதைப் பொதுவில் போட மாட்டேன். ஷூ பக்கம் போடலாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.

மாம்பலம் மாமி

வேண்டாம் என்று சொன்னவள் நான். அந்தப் பெண் வருகிறாளா, பெங்களூரிலிருந்து?

பொன்மலைப் பேத்தி

பொங்கலுக்கு வருகிறாள் மாமி. பெரிய அத்தை வீட்டுக்கு. சின்ன அத்தைக்கும் சொல்லியிருக்கிறோம்.

கொக்குவில் பிள்ளை

அத்தை கதைச்ச ரெக்கோர்டிங்கை ஒரு இடத்தில மட்டும் வச்சிருக்காதேங்கோ. ஃபோனில ஒண்டு, பென்டிரைவில ஒண்டு, வேற ஊரில இருக்கிற ஆரிட்டயாவது ஒண்டு. அம்மா உங்கட அப்பாவுக்கு மறுமொழி சொல்லச் சொன்னவ: வரைபடம் ரெண்டு இல்லை, நாலு காப்பி கீறிப்போட்டாவாம்.

பைண்டர் மாமா

மொத்தம் எத்தனை காப்பி போடப் போகிறீர்கள்? ஏ4 என்றால் நானே தைத்துக் கட்டிக் கொடுக்கிறேன், தாள் மட்டும் அனுப்புங்கள். ஸ்பைரல் போட வேண்டாம். ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்து தையலுக்குள் போய்விடும். சின்ன அத்தை காப்பியிலும் அந்தப் பக்கத்தின் இடத்தில் வெறும் தாள் ஒன்று வைத்துத் தைக்கிறேன். பிறகு கேட்டால் கார்னரில் படத்தைச் செருகிக்கொள்ளலாம்.

பொன்மலைப் பேத்தி

ஆறு காப்பி மாமா. வெறும் தாள் யோசனையை அப்பாவிடம் சொன்னேன், சரி என்கிறார். அசல் எல்லாம் பெரிய அத்தை பீரோவில் நடுத்தட்டில் இருக்கிறது, ஒவ்வொன்றும் தனிக் கவரில். இன்லண்ட் லெட்டர்களை இன்னும் தொடவேயில்லை. மடிப்பில் கிழிகிற நிலையில் இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறீர்களா?

பைண்டர் மாமா

பிரிக்காதீர்கள், காத்திருங்கள். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.